ஏரி கோடி போன அன்று

டக்.

நேற்று மாங்காட்டில், கோயிலுக்கு வெளியே, பூக்காரர் தகர டப்பாவின் மூடியைக் கைநழுவ விட்டார். அவ்வளவுதான். அர்ச்சனைத் தட்டை இடது கைக்கு மாற்றிவிட்டு என் வலது கை தானாக உயர்ந்தது. எதிரே இல்லாத பலகையில் இல்லாத துளையைத் தேடி, இல்லாத ஒயரைச் செருகப் போனது. நான் கோபுரத்தைக் கும்பிடுகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற பெண்ணும் கும்பிட்டாள்.

புதிதாகத் தொலைபேசி வேலைக்கு வந்து, என்னிடம் ஒரு பாடம் எழுதித் தரக் கேட்டிருக்கும் பிள்ளைகளே, அந்த 'டக்' உங்களுக்குத் தெரியாது. உங்கள் காலத்தில் எண்கள் தாமே ஒன்றையொன்று தேடிக்கொண்டு போய்விடுகின்றன. எங்கள் காலத்தில் நடுவில் ஒரு மனுஷி உட்கார்ந்திருந்தாள். பூந்தமல்லியிலிருந்து மேற்கே போகும் சாலையோரம் ஓர் ஓட்டுக் கட்டிடம். உள்ளே ஒரு மரப்பலகை. பலகை முழுக்க விரல்நகம் அளவுக்குப் பித்தளை மூடிகள். ஊரில் யாராவது போனின் கைப்பிடியைச் சுற்றினால் அவர்களுடைய மூடி டக்கென்று விழும். அதன் கீழே உள்ள துளையில் ஒயரைச் செருகி "நம்பர் ப்ளீஸ்" என்பேன். அவர்கள் கேட்கிற வீட்டுத் துளையில் இன்னொரு முனையைச் செருகுவேன். இரண்டு வீடுகள் பேசத் தொடங்கும். நான் விலகிக்கொள்வேன்.

அந்த மூடிக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் ஷட்டர். சில மைல் மேற்கே இன்னொரு ஷட்டர் வரிசை இருந்தது. அது இரும்பு. அதற்குப் பின்னால் வானம் படுத்துக் கிடப்பதுபோல ஓர் ஏரி.

அந்த ஏரியை நான் முதலில் காதால்தான் பார்த்தேன்.

ஏரிக்கரையில் ஓர் அறை, அதில் ஒரு போன். கரையைக் காவல் காக்கிற லஸ்கர் தினமும் காலையில் அளவுகல்லைப் பார்த்துவிட்டு வந்து, ஊருக்குள் இருந்த பாசன அலுவலகத்துக்கு நீர்மட்டம் சொல்ல வேண்டும். லைன் மகா மோசம். காற்றடித்தால் கம்பிக்குள் யாரோ சோழி உருட்டுவார்கள். அதனால் அவர் சொல்வதை நான் வாங்கி, அலுவலகத்துக்குத் திருப்பிச் சொல்வது வழக்கமாயிற்று. மற்ற எல்லா அழைப்பிலும் நான் செவிடு. இந்த ஒன்றில் மட்டும் எனக்குக் காதும் உண்டு, வாயும் உண்டு.

"இன்னா தங்கச்சி, நாஷ்டா துன்னியா?"

"ஆச்சுண்ணே. அளவைச் சொல்லுங்க."

"அளவு எங்க ஓடிடப் போவுது? ஏரி அங்கியேதான் குந்திகினு கீது. நீ மொதல்ல இன்னா துன்னேன்னு சொல்லு."

இட்லி என்று சொன்ன பிறகுதான் அடியும் அங்குலமும் வரும். இட்லிக்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்ட நாட்களும் உண்டு. அலுவலகத்துக்காரர் அந்தப் பக்கம் பொறுமையிழந்து இருமுவார். அந்த ஏரி அப்படித்தான் ஒவ்வொரு காலையும் கொஞ்சம் சிரிப்போடு எனக்குள் ஏறிற்று, வெயில் வந்ததும் இறங்கிற்று.

நான் ஆவடி குவார்ட்டர்ஸ் பெண். அப்பா சிவகங்கைப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். எங்கள் வீட்டில் தண்ணீருக்கு வேறு சொற்கள்: கண்மாய், மடை, மறுகால். வேலைக்குச் சேர்ந்த முதல் ஐப்பசியில் ஒருநாள் லஸ்கர் கம்பி அதிரக் கத்தினார்.

"கோடி போச்சு தங்கச்சி!"

"ஐயய்யோ! யாருக்குண்ணே? எப்படிப் போச்சு? திருடனா?"

உருளும் சோழிகளுக்கு நடுவே அவர் சிரிக்க ஆரம்பித்தார். "தங்கச்சி… தங்கச்சி… ரூவா இல்லம்மா, தண்ணி! ஏரி ரொம்பி வழியுதும்மா!"

தெருக்கோடி என்கிறோமே, அந்தக் கோடி. கரை முடிகிற கோடியில் கல் கட்டி, நிரம்பிய தண்ணீர் வெளியேற வழி வைத்திருப்பார்கள். அந்த வழியில் தண்ணீர் போனால் 'ஏரி கோடி போச்சு'. எங்கள் ஊரில் 'கண்மாய் மறுகால் பாயுது' என்போம். இரண்டும் ஒன்றுதான். இரண்டுமே ஊர் கற்பூரம் ஏற்றுகிற சேதி. ஆனால் ஒன்றில் 'பாயுது' இருக்கிறது, மற்றதில் 'போச்சு' இருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

அன்றிலிருந்து லஸ்கர் எனக்கு வைத்த பெயர் கோடீஸ்வரி.

எங்கள் சூப்பர்வைசர் அம்மாவுக்கு இந்தச் சிரிப்பெல்லாம் ஆகாது. நெற்றியில் விபூதிக் கீற்றும், மடியில் குடையும், மேஜையில் சீவிச் சீவிக் குட்டையான பென்சில்களுமாக உட்கார்ந்திருப்பார். எங்களுக்கு அவர் சொன்ன ஒரே சட்டம்: "கேட்டதை மறக்கத்தான்டி உனக்குச் சம்பளம்." யாருடைய பேச்சிலும் நுழையக் கூடாது. யார் எந்த நம்பர் கேட்டாலும் ஏன் என்று கேட்கக் கூடாது. கேட்டால் கொடு. அது நல்ல சட்டம், பிள்ளைகளே. இன்றும் அதைத்தான் உங்களுக்கும் சொல்வேன். ஒரே ஒரு நாள் தவிர.

அந்த நாளுக்கு முன்னால் ஏரியை நான் கண்ணாலும் பார்த்திருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பார்க்காமல் இருந்திருந்தால் அன்று எனக்கு எதுவும் விளங்கியிருக்காது.

ஒரு சித்திரை மாதம், வார லீவு. அம்மாவிடம் குன்றத்தூர் முருகன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். முருகன் பொறுத்துக்கொண்டார். கடைசியில் இறங்கி, ஒரு தரைப்பாலத்தைத் தாண்டி, தாழ்வான ஓர் ஊருக்குள் நடந்து, கரைமேல் ஏறினேன்.

குரலை வைத்து லஸ்கரை ஆறடி ஆள் என்று நினைத்திருந்தேன். அறையிலிருந்து வெளியே வந்தவர் என் தோளுக்கு இருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கொரலு சின்னதா இருந்திச்சே, ஆளு இன்னாம்மா பனமரமாட்டம் கீறே!" என்றார். அவரும் என்னைக் காதால் வரைந்துவைத்திருந்தார்.

வில்லாக வளைந்து கிடந்தது கரை. உள்பக்கம் கற்கள் பதித்த சரிவு. அதற்குக் கீழே தண்ணீரைக் காணோம்! வெடித்த சேற்றில் மாடுகள் மேய்ந்தன. வெள்ளரிக்கொடி போட்டிருந்தார்கள். அந்தக் கொடிகளையெல்லாம் தாண்டி, மேற்கே வெகுதூரத்தில், ஏரி தன் ஆழத்துக்குள் சுருண்டு படுத்திருந்தது. அதன் விளிம்பில் நாரைகளும் மனிதர்களும் ஒரே நிறத்தில், ஒரே பொறுமையோடு நின்றார்கள். லாரி டியூபின் மேல் பலகை கட்டி, அதில் குந்தி, துடுப்பாகக் கையையே போட்டு வலையை விரித்துக்கொண்டு போனார் ஒருவர். அளவுகல் காய்ந்த தரையில் தனியாக நின்றது, யாரும் பேச வராத போன் மாதிரி.

வெளிப்பக்கம் திரும்பினால் தலை சுற்றியது. நான் நின்ற மட்டத்தில் தென்னை மரங்களின் தலைகள். அவற்றின் காலடியில் ஊர், வயல், கூரைகள். மழைக்காலத்தில் தண்ணீர் இந்தப் பக்கம் என் பாதத்துக்கு வரும். அந்தப் பக்கம் வீடுகள் அதற்கு வெகு கீழே இருக்கும். நடுவில் இந்த மண் மட்டும். தினமும் காலையில் அடி, அங்குலம் என்று நான் ஒப்பித்தது இதைத்தான் என்று அன்று புரிந்தது.

கரைக்குக் கீழே கன்னியம்மாவின் ஐஸ் கடை. மீனுக்கு ஐஸ் உடைத்துப் போட்டு, கூடை கட்டி, பட்டணத்துக்கு ஏற்றிவிடுகிற பெண்மணி. லஸ்கர் அறையை விட்டால் அந்தத் தாழ்வான ஊரில் இருந்த ஒரே போன் அவளுடையது. நான் யாரென்று தெரிந்ததும் ஐஸ் உடைக்கிற கட்டையை வைத்துவிட்டு என் தாடையைப் பிடித்துப் பார்த்தாள்.

"நீதானா அது? நம்பரு பிளீஸு?"

"நான்தாங்க்கா."

"நல்ல வேள. கொரலக் கேட்டு, கல்யாணமாவாத கெழவின்னு நெனச்சிகினு இருந்தேன்."

கெண்டை, கெளுத்தி, ஜிலேபி என்று ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். விரால் மட்டும் மண்பானைத் தண்ணீரில் உயிரோடு. "இது சாவாது. கொஞ்சம் ஈரம் இருந்தா போதும், பஸ் ஏறி மெட்ராஸு போவும்." ஏரி மீன் எல்லாம் குத்தகைக்காரருக்கு. ஆனால் கோடி போகிற அன்று? கன்னியம்மாவின் கண் விரிந்தது. புதுத்தண்ணீர் விழுகிற இடத்தில் மீன் எதிர்த்து ஏறும். அதற்கு ஏத்தமீன் என்று பேர். "கோடிக் கல்லுக்கு அப்பால வந்த மீனு ஊரு மீனும்மா. அத்த எவனும் கேக்க முடியாது. கோடி போச்சுன்னு கொரலு வந்தா, அடுப்புல சோறு பொங்கிகினு இருந்தாலும் கூடையத் தூக்கினு ஓடுவோம்."

திரும்பும்போது தரைப்பாலத்தில் ஆடுகள் படுத்திருந்தன. அக்கரையில் மேட்டுத்தெரு, பள்ளிக்கூடம், பஸ் போகிற சாலை. லஸ்கர் பாலம்வரை வந்து வழியனுப்பினார். "கோடி போவசொல்ல இத்த நீ பாக்கணும். இடுப்பு ஒசரம் தண்ணி. யானையக்கூட இழுத்துகினு போவும்." அந்த வட்டாரத்தில் ஓர் ஏற்பாடும் இருந்தது. கரைக்கு ஆபத்து என்றால், சாலையோரத் தொழிற்சாலையின் சங்கை வேளை கெட்ட வேளையில் ஊதுவார்கள். கேட்டதும் பள்ளத்து ஊர் மொத்தமும் இந்தப் பாலத்தைத் தாண்டி மேட்டுக்கு ஓட வேண்டும். அப்படி ஒரு தடவைகூட ஊதியதில்லை. எல்லோருக்கும் அது தெரியும், சின்னக் குழந்தைக்கும்.

இப்போது அந்த நாள்.

மழை விடாமல் பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலை. பள்ளிக்கூடத்து மணி அடித்துக் கொஞ்ச நேரம் இருக்கும். பாசன அலுவலகத்து அதிகாரிகளெல்லாம் ஜீப்பில் வேறு ஏரிகளைப் பார்க்கப் போய்விட்டார்கள். போனடியில் இருந்தவர் புதிதாக மாற்றலாகி வந்த கிளார்க், திருநெல்வேலிக்காரர். அவர் மனைவி பச்சை உடம்புக்காரி. கைக்குழந்தையோடு அவளைக் கூட்டிவந்து, ஊருக்குள் வீடு கிடைக்காமல், ஏரிக்குக் கீழே அந்தப் பள்ளத்து ஊரில் குடிவைத்திருந்தார். இது எனக்குத் தெரியும். குழந்தைக்குப் பெயர் வைத்ததை ஊரிலிருந்த அவருடைய அப்பாவுக்கு டிரங்க் கால் போட்டுச் சொன்னபோது லைன் கொடுத்தது நான். மறந்திருக்க வேண்டியது. மறக்கவில்லை.

டக். லஸ்கரின் மூடி.

கம்பியில் ஒரே இரைச்சல். இட்லி இல்லை, சிரிப்பு இல்லை. "ஏரி… கோடி… போச்சு… சொல்லிடும்மா…" டொக். லைன் செத்தது.

வழக்கம்போல நான் கிளார்க்கிடம் அப்படியே சொன்னேன். "ஏரி கோடி போச்சு சார்." சொல்லைச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவர் வைத்துவிட்டார். உடனே அவர் மூடி மறுபடி விழுந்தது.

"எம்மா! சங்குக்கு லைன் குடுங்க! சீக்கிரம்! ஃபாக்டரிச் சங்குக்கு!"

நான் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன். "எதுக்கு சார்?"

"எதுக்கா? ஏரி போச்சுன்னு நீங்கதானம்மா சொன்னிய! என் பிள்ளை அங்கன இருக்குல்லா!"

என் கையில் ஒயரின் முனை. சங்குக்கான துளை கண்ணுக்கு நேரே. கேட்டால் கொடு.

கொடுத்தால் என்ன ஆகும்? சங்கு ஊதும். பள்ளிக்கூடம் அக்கரையில், அம்மாக்கள் இக்கரையில். பெற்றவள் ஒருத்திகூட நிற்க மாட்டாள். யானையை இழுக்கிற தண்ணீரில் ஊரே இறங்கும், பிள்ளையைத் தேடி.

"சார், கோடி போச்சுன்னா உடைஞ்சு போச்சுன்னு இல்ல சார். நிறைஞ்சு வழியுதுன்னு அர்த்தம். நம்ம ஊர்ல மறுகால் பாயுதும்பாங்களே, அது."

அழுகிற குரலில், ஆனால் புத்தியோடு அவர் கேட்டார்: "அப்பம் லைன் ஏம்மா செத்துச்சு? கரை போனா கம்பமும் போகும்லா? உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

தெரியாது.

இதை உங்களிடம் மறைத்தால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியாது. லஸ்கர் ஏன் சிரிக்கவில்லை? கோடீஸ்வரி என்று ஏன் கூப்பிடவில்லை? வழிந்த தண்ணீர் கரையையும் அறுத்திருந்தால்? சங்கை நான் நிறுத்திவைக்கிற ஒவ்வொரு நொடியும் தென்னையின் காலடியில் இருக்கும் கூரைகள்மேல் தண்ணீர் வந்துகொண்டிருந்தால்? ஊதினால் சாவு, ஊதாவிட்டால் சாவு. இரண்டில் எது உண்மை என்று என் காதுக்கு மட்டும் தெரிய வேண்டும். காதோ இரைச்சலைத்தான் கேட்டிருந்தது.

பக்கத்தில் ஸ்டூல் இழுபடும் சத்தம். சூப்பர்வைசர் அம்மா. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். சட்டத்தைச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, பலகையின் மற்ற மூடிகளைத் தன் பக்கமாக எடுத்துக்கொண்டார்.

"ஊரையெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ ஏரியைப் பாரு."

"சார், வைக்காதீங்க, ஒரே நிமிஷம்" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு, கன்னியம்மாவின் மணியை அடித்தேன். அடித்தேன். எடுக்கவில்லை. அடித்தேன். கடை இருக்கிறதா? கன்னியம்மா இருக்கிறாளா? அந்த மணியோசை இன்றும் சில மழைநாட்களில் எனக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்காமல்.

"ஆருய்யா அது, உசுர வாங்கிகினு?"

கன்னியம்மா. மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் எக்ஸ்சேஞ்ச். அங்க என்ன ஆச்சு?"

"எல்லாம் ஓடுதுங்கம்மா! ஊரே ஓடுது! வுடும்மா, நானும் ஓடணும்!"

கிளார்க்கின் லைனில் ஒரு விம்மல் கேட்டது. கன்னியம்மா கத்திய 'ஓடுது' மட்டும் என் வாய்க்கருவி வழியாக அவர் காதிலும் விழுந்துவிட்டது. என் விரல்கள் சங்குத் துளையைத் தொட்டுவிட்டன. உலோகத்தின் சில்லிப்பு. அந்தச் சில்லிப்பில் ஐஸ் கடை ஞாபகம் வந்தது. சித்திரை வெயில், விரால் பானை, அடுப்புல சோறு பொங்கிகினு இருந்தாலும்…

"அக்கா! ஓடுறவங்க கையில என்ன இருக்கு?"

"இன்னாது?"

"கையில! கையில என்ன தூக்கிட்டு ஓடுறாங்க? புள்ளையா? மூட்டையா?"

"புள்ளய எவன் தூக்கினான், அதுங்கதான் இஸ்கூலு போயிடுச்சே! கூடை கீது, பறி கீது, தோ, இவன் பொண்டாட்டி பொடவையவே உருவிகினு போறான் வலைக்கு. பின்ன, ஏத்தமீன வெறுங்கையிலயா புடிப்பாங்க? வைம்மா போன, எல்லா வெராலயும் அவனுங்களே அள்ளிடுவானுங்க!"

நான் கன்னியம்மாவின் ஒயரை எடுத்து, கிளார்க்கின் துளையோடு சேர்த்தேன். "அக்கா, இதையே இவர்கிட்ட ஒரு தடவை சொல்லுங்க. இவர் பொண்டாட்டி புள்ள உங்க ஊர்லதான் இருக்கு."

"ஆரு, அந்தத் திருநேலிப் பொண்ணா? எதுத்த ஊடுதான். வாசல்ல நின்னுகினு வேடிக்க பாக்குது. ஏன்யா அழுவுற? உனக்கும் ஒரு மீனு எடுத்து வெக்கிறேன், அழுவாத."

மழைக்குப் பிந்தைய வெயில் மாதிரி அவர் குரல் மெல்ல வந்தது. "மறுகாலா? மறுகால்தானா பாயுது?" தன் ஊர்ச் சொல்லை மடியில் வைத்துக் கொஞ்சுவதுபோல இரண்டு மூன்று தடவை சொன்னார். பிறகு, இதற்காகத்தான் எனக்கு அவர்மேல் இன்றும் மரியாதை, அழுகையைத் துடைத்துக்கொண்டு அவரே கேட்டார்: "அப்பம் தரைப்பாலத்துல தண்ணி வந்திருக்குமே? பள்ளிக்கூடத்துக்கு லைன் குடுங்கம்மா. பிள்ளையள வீட்டுக்கு விட வேண்டாம்னு சொல்லணும்."

அது எனக்குத் தோன்றவில்லை. சங்கை நிறுத்திய பெருமிதத்தில் நான் பாலத்தை மறந்துபோனேன். பயந்த மனிதர்தான் அதை ஞாபகம் வைத்திருந்தார். தலைமையாசிரியர் பிள்ளைகளை வகுப்பிலேயே உட்காரவைத்தார். தண்ணீர் வடிந்த பிறகு மாட்டுவண்டியில் ஏற்றி இக்கரை சேர்த்தார்கள்.

சற்றைக்கெல்லாம் ஐஸ் கடைப் போனில் லஸ்கரே வந்தார். சொட்டச் சொட்ட நனைந்த குரல். புளியங்கிளை முறிந்து கம்பியில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"நான் இன்னா சொன்னேன், அந்தாளு இன்னா கேட்டாரு, நீ இன்னாம்மா நடுவுல பஞ்சாயத்து பண்ணே?"

"நீங்க ஏண்ணே சிரிக்கல? சிரிச்சிருந்தா எனக்கு இவ்வளவு பேஜார் இல்லியே!"

"சிரிக்க ஏது நேரம்? கோடிக் கல்லாண்ட வெரால் துள்ளுது, நான் போனாண்ட குந்திகினு சிரிச்சிகினு இருப்பனா?"

அன்று மாலை சூப்பர்வைசர் அம்மா பென்சில் சீவிக்கொண்டே கேட்டார்: "அடுத்தவங்க பேச்சுல எவ்வளவு நேரம்டி நுழைஞ்சே?"

"தெரியலம்மா."

"எனக்கும் தெரியல" என்றார். தன் டிபன் டப்பாவைத் திறந்து, மூடியில் பாதித் தயிர்சாதத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். அதற்குமுன் அவர் யாருக்கும் தந்து நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி அவர் அப்புறம் ஒரு நாளும் பேசவும் இல்லை. கேட்டதை மறக்கத்தான் சம்பளம்.

பிள்ளைகளே, என்னிடம் பாடம் கேட்டீர்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பதறுகிறவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். பதற்றத்துக்கு ஒரு சொல்தான் தெரியும், அது எல்லோருக்கும் வேறு வேறு பொருளில் தெரியும். கையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். கை பொய் சொல்லாது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. சித்திரை வெயிலில் கன்னியம்மா என் முன்னால் வைத்த பானையில் அது நீந்திக்கொண்டிருந்தது. ஆபத்து வந்தபோது துள்ளிற்று. அவளுக்கு நன்றி. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டவருக்கு நன்றி. அழுதுகொண்டே பாலத்தை நினைத்தவருக்கு நன்றி. அன்று உடையாமல் நின்ற அந்த மண்ணுக்கு, எத்தனை தலைமுறையின் கூடை மண்ணோ அது, விழுந்து கும்பிட்டாலும் தீராது.

அதற்குப் பிறகு காலை விசாரிப்பு மாறிவிட்டது. இட்லி போயிற்று. "கோடீஸ்வரி, கையில இன்னா கீது?" என்பார் லஸ்கர். ஒயர், பென்சில், காபி டம்ளர், அப்பாவுக்கு வந்த மருந்துச் சீட்டு, ஒரு தடவை என் கல்யாணப் பத்திரிகை. எதுவானாலும் அதைச் சொன்ன பிறகுதான் அளவு வரும். வெறும் கேலிதான். ஆனால் ஒருவர் தினமும் காலையில் உங்கள் கையைப் பற்றி விசாரித்தால் அந்தக் கைக்கு ஒரு தெம்பு வந்துவிடுகிறது.

பிறகு தானியங்கி எந்திரம் வந்தது. நல்லதுதான் வந்தது, அதைப் பழிக்க நான் இதை எழுதவில்லை. எந்திரத்துக்குப் பக்கத்தில் காபி டம்ளரோடு உட்காரப் பிடிக்காமல், வயதாவதற்கு முன்பே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். கடைசி நாள் காலை, பலகையில் பாதி ஒயர்களை ஏற்கெனவே பிடுங்கியிருந்தார்கள். லஸ்கரின் மூடி விழுந்தது.

டக்.

"நாளைலேருந்து நீ இல்லியாமே?"

"இல்லண்ணே. நீங்களே நம்பரைச் சுத்தினா ஆபீஸுக்குப் போயிடும்."

"அது போவும். தொட்டுக்க இன்னான்னு கேக்குமா?" சோழி உருண்டது. "சரி, சொல்லு. கையில இன்னா கீது?"

பார்த்தேன். தலைக்கருவியைக்கூடக் கழற்றி ஒரு கையால் காதில் பிடித்திருந்தேன். மற்றக் கை மடியில் விரிந்து கிடந்தது.

"ஒண்ணும் இல்லண்ணே. வெறுங்கை."

"அப்டிலாம் வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். கன்னியம்மா ஒரு தூக்குல தண்ணி வுட்டு, கண்டக்டராண்ட குட்த்து வுட்டுகீறா. பெரிய வெராலு. உசுரோட கீது. பஸ் வந்ததும் வாங்கிக்கோ."

"சரிண்ணே."

"கெட்டியா புடிச்சிக்கோ கோடீஸ்வரி. வழுக்கும்."